பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்!

- மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை



"ஓட்டை, உடைசல், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று தள்ளுவண்டிக்காரர் தெருவில் கூவிப் போன காலத்தை நம் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஓட்டை வாளியைக் கொடுத்தால் ஒரு பொட்டலம் பழம். வண்டிகள் குறைந்துவிட்டாலும் பேச்சு மட்டும் போகவில்லை. ஒருத்தன் பழைய சைக்கிளில் காலேஜுக்கு வந்தால் போதும், "இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்டா!" என்று நாலு பேர் சிரிக்கிறோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழைய பொருள் என்றால் ஏன் நமக்கு இத்தனை இளக்காரம்? டிப்ளமோ படிக்கும் நமக்கு, ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படி நிற்கிறது, எங்கே உடையும் என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தப் படிப்பு இருக்கிற நாமே பளபளப்பைப் பார்த்து ஏமாந்தால் மற்றவர்களை என்ன சொல்வது?

என் கட்சி இதுதான். வீட்டை அழகாக வைக்கப் பணம் முக்கியமில்லை, கண்ணும் கையும்தான் முக்கியம். பழைய சந்தையில் கிடைக்கும் பொருளைச் சீர்செய்து வீட்டை அலங்கரிப்பது ஏழ்மையின் அடையாளம் அல்ல. அது நம் தொழிற்படிப்பின் முதல் பரீட்சை.

தவணையில் வரும் அழகு

நம்மில் பெரும்பாலோர் வீட்டு நிலைமை நமக்குத் தெரியும். அக்கா கல்யாணம் என்றால் கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள் எல்லாம் புதுசாக இறங்க வேண்டும். "வட்டியே இல்லை, மாசத் தவணைதான்" என்பார் கடைக்காரர். பொண்ணு புகுந்த வீடு போய், பேரன் பிறந்து, முதல் பிறந்த நாளும் வந்துவிடும். அப்பா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அதற்குள் அந்த டிரஸ்ஸிங் டேபிளின் கதவு தொங்கிப் போயிருக்கும்.

ஏன் தொங்குகிறது? மலிவான புதுச் சாமான் பலவும் பார்ட்டிகிள் போர்டு. மரச் சிம்புகளையும் தூளையும் பசை கலந்து அழுத்திய பலகை. மேலே மரம் மாதிரி படம் போட்ட ஒரு மெல்லிய தாள். நாலு ஓரத்திலும் அந்தத் தாள் சரியாக ஒட்டியிருக்கும் வரைக்கும்தான் அதன் ஆயுள். ஒரு ஐப்பசி மழையில் தரை ஈரம் ஏறினால் ஓரம் உப்பும். உப்பிய இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. ஸ்க்ரூ பிடிக்காவிட்டால் கீல் ஆடும், கதவு தொங்கும். ஒருமுறை உப்பியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

இப்போது தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் பாருங்கள். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. அதனால் கரையான் அதை எளிதில் அண்டாது. ஒரு சட்டத்தின் நாக்கை இன்னொரு சட்டத்தின் துளையில் செருகி இறுக்கிய மூட்டு. ஆடினால் கழற்றிப் பசை வைத்து மறுபடி இறுக்கலாம். கால் உடைந்தால் கால் மட்டும் மாற்றலாம். அதாவது, ரிப்பேர் செய்ய முடியும் என்று நினைத்தே செய்த பொருள் அது. எது மட்டம், எது உசத்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

"பழசெல்லாம் தங்கம், புதுசெல்லாம் தகரம்" என்று நான் சொல்ல வரவில்லை. பழைய பொருளிலும் குப்பை நிறைய உண்டு. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

மூர் மார்க்கெட் முதல் பல்லாவரம் வரை

சென்னைக்கு இது புதிதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் இந்த ஊரின் பழைய பொருள் உலகத்துக்கே தலைநகரமாக இருந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், மேஜை விளக்கு என்று கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். 1985 மே மாதத்தில் அது தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்கள் பலர் அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறினார்கள். பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. தினமும் அங்கே இறங்கி ஓடும் நம் நண்பர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்று நமக்கு வாய்த்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது செடி, புறா, பழைய மிக்ஸி, கட்டில், சுத்தியல், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பார்கள். என்ன, வெள்ளிக்கிழமை நமக்கு லேப் இருக்கும்! லீவு நாள் வெள்ளியில் வந்தால் விட்டுவிடாதீர்கள். காலையில் போனால் நல்ல பொருள், சாயங்காலம் போனால் நல்ல விலை. மூட்டை கட்டும் நேரத்தில் திரும்பத் தூக்கிப் போவதைவிட விற்றுவிட்டுப் போவோம் என்ற மனநிலை வந்துவிடும்.

சந்தை இல்லாத நாளில் காயலாங்கடை இருக்கிறது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கழற்றிய கதவு, ஜன்னல், உத்திரக் கட்டை விற்கும் கடைகள் இருக்கின்றன. வண்டிச் சாமான் வேண்டுமா, புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. உள்ளூர்ப் பழைய பேப்பர் கடையையும் மறக்காதீர்கள். அங்கே கண்ணாடி பாட்டிலும் தகர டின்னும் எடைக்குக் கிடைக்கும்.

எங்கள் ரூம் கணக்கு

பேச்சோடு நிற்காமல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் அருகே நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கும் ரூம். வீட்டுக்கார அம்மாவின் முதல் சட்டம்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." இரண்டாவது சட்டம்: "பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது." இந்த இரண்டு சட்டத்துக்கு உட்பட்டு ரூமை அழகாக்க வேண்டும்!

இடிப்புச் சாமான் கடையில் நாட்டு மரக் கதவு ஒன்று 1,200 ரூபாய். ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். இதுதான் எங்கள் நாலு பேருக்கும் படிக்கிற மேஜை. கால்? பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால் 700 ரூபாய். அதன் இரண்டு பக்கச் சட்டங்களையும் கழற்றி, நடுவில் இருந்த குறுக்குக் கம்பிக்குப் பதில் நீளமான பட்டைக் கம்பி போட்டு போல்ட் வைத்து முறுக்கினான் மெக்கானிக்கல் நண்பன். "வெல்டிங் வச்சா வேலை சீக்கிரம் முடியுமேடா?" என்றேன். "வார்ப்பிரும்புடா அது, சும்மா வெல்டிங் அடிச்சா விரிசல் விட்டுடும். போல்ட்தான் சரி" என்றான். படிப்பு வேலை செய்கிறது பாருங்கள்!

காலை எங்கே வைப்பது என்பது என் வேலை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரத்தைப் போட்டுத் தள்ளினோமே, நினைவிருக்கிறதா? சீரான பாரம் வரும்போது, இரண்டு நுனியிலிருந்தும் மொத்த நீளத்தில் 0.207 பங்கு உள்ளே தள்ளித் தாங்கல் கொடுத்தால், நடுவில் வரும் வளைவுத் திருப்பமும் தாங்கல் மேல் வரும் திருப்பமும் சமமாகிவிடும். ஆறரை அடிக்கு அது சுமார் ஒரு அடி நாலு அங்குலம். அங்கேதான் கால் வைத்தோம். நாலு பேர் புத்தகத்தையும் தாங்கி கதவு நேராக நிற்கிறது. ஆனால் நுனியில் ஏறி உட்காரக் கூடாது, கவிழ்ந்துவிடும். அது மேஜை, திண்ணை அல்ல!

ஆணி அடிக்காத புத்தக அலமாரி: மூன்று பலகை 300 ரூபாய். செங்கல், பக்கத்துக் கட்டட வேலையில் மேஸ்திரியிடம் கேட்டு இலவசம். செங்கல் மேல் பலகை, பலகை மேல் செங்கல், அவ்வளவுதான். இரண்டு தாங்கலுக்கு நடுவே மூன்று அடிக்கு மேல் விடாதீர்கள். அடிக்கு இவ்வளவு என்று ஒரே பாரம் இருந்தாலும், இடைவெளி இரண்டு மடங்கானால் பலகையின் தொய்வு பதினாறு மடங்காகும். பொறியியல் புத்தகம் கனம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

விளக்குக்கு ஹோல்டர், ஒயர், எல்.இ.டி பல்பு 250 ரூபாய். கூடு? ஓட்டை விழுந்த மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்தோம். மாலையில் விளக்கைப் போட்டால் சுவர் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி நிழல். சாண்ட் பேப்பர், பாலிஷ் 350 ரூபாய். ஆகமொத்தம் 2,800. ஆளுக்கு 700. திரைச்சீலை, ஒரு நண்பனின் அம்மா கொடுத்த பழைய சுங்குடிச் சேலை. அதற்கு விலை கிடையாது.

ரூமுக்கு வருகிறவர்கள் "எங்கேடா வாங்கினே?" என்கிறார்கள். "பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதைப் பிடிச்சு வச்சிருக்கோம்" என்று சொல்கிறேன்.

பார்த்து வாங்குவது எப்படி?

சந்தைக்குப் போகிற நண்பர்களுக்கு நான் கண்ட சில விஷயங்கள்:

1. மரத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் கணீரென்று பேசும். உள்ளே கரையான் அரித்திருந்தால் 'பொத்' என்று சத்தம் வரும். சின்னச் சின்ன வண்டுத் துளை இருந்தால் உடனே ஓடிவிடாதீர்கள். ஒரு தாளின் மேல் வைத்து மெல்லத் தட்டுங்கள். புதிதாகத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது. கொட்டாவிட்டால் அது பழைய கதையாகவே இருக்கலாம்.

2. கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் போட்டு யாரும் ஏமாற்றலாம். டிராயரை முழுசாக உருவித் திருப்பிப் பாருங்கள். பொருளின் உண்மையான வயசும் மரமும் அங்கேதான் தெரியும்.

3. வார்ப்பிரும்பையும் தட்டுங்கள். விரிசல் இல்லாதது மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். மேலாகப் பிடித்த துரு கவலையில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, காய்ந்தபின் ரெட் ஆக்சைடு பூசினால் தீர்ந்தது. பொடிப்பொடியாக உதிரும் துருவை மட்டும் தொடாதீர்கள்.

4. அளவு நாடா இல்லாமல் போகாதீர்கள். ரூம் கதவின் அகலத்தை முதலில் எழுதிக்கொண்டு போங்கள். வாசலில் நுழையாத மேஜை எவ்வளவு மலிவாக இருந்தால் என்ன?

5. கொண்டுவரும் கூலியையும் விலையில் சேருங்கள். குட்டியானை வண்டிக்குக் கொடுக்கும் பணம் பொருளின் விலையைத் தாண்டினால் அது மலிவு அல்ல.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. மரச் சாமானுக்கு முதலில் 80 நம்பர் சாண்ட் பேப்பர், பிறகு 120, கடைசியில் 220. எப்போதும் மரத்தின் வரி போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிறகு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ். பருத்தித் துணிப் பந்தால் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். போகட்டும்!

தொடக் கூடாதவை

சிக்கனம் என்ற பெயரில் உயிரோடு விளையாடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியது என் கடமை.

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை நம்ப முடியாது. உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் விட்டு, முகமூடி கட்டி, வெளியிடத்தில் வைத்துத் தேயுங்கள். தூளைக் கூட்டிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

பழைய மின்விளக்கு, மின்விசிறி வாங்கினால் ஒயரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். உலோக உடம்புள்ள விளக்குக்கு மூன்று ஒயர் போட்டு எர்த் கொடுங்கள். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் மெகர் வைத்துப் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதை அலங்காரமாக மட்டும் வையுங்கள். கூடை, ஓலை, துணிக் கூட்டுக்குள் குண்டு பல்பு வேண்டாம், சூடு அதிகம். எல்.இ.டி போதும்.

எண்ணெய், ரசாயன டிரம்மை வெட்டி நாற்காலி செய்வது இப்போது ஒரு மோகம். காலி டிரம் என்று நினைத்து காஸ் கட்டர் வைத்தால், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். காலி டிரம்தான் நிறைந்த டிரம்மைவிட ஆபத்து. என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடவே வேண்டாம்.

துறைமுகம் வழி வரும் பேக்கிங் மரத்தில் முத்திரை இருக்கும். எச்.டி என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது. முதலாவதை வாங்குங்கள், இரண்டாவதை விடுங்கள்.

பழைய மெத்தை, தலையணை வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்தால் ஹாஸ்டலே காலி. காஸ் அடுப்பு டியூப், ஹெல்மெட் இரண்டும் கட்டாயம் புதுசாகத்தான் வாங்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். தெரிந்தே வாங்கினால் அதுவும் குற்றம்.

ஓர் எதிர்க்குரல்

இந்தக் கட்டுரையை வாசித்துப் பார்த்த நண்பன் ஒருவன் கேட்டான்: "எங்கப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவன் போட்ட பழைய சட்டையைத்தான் போட்டாரு. நான் சம்பாதிச்சு அவருக்குப் புதுசு வாங்கித் தரணும்னு பாக்கறேன். நீ பழசுக்கு வக்காலத்து வாங்கறியே? காசு இருக்கிறவன் பழசு வாங்கினா ரசனை, நாம வாங்கினா பிச்சையா?"

நியாயமான கேள்வி. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். பர்மா தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் பெரிய ஓட்டலுக்கும் பங்களாவுக்கும் போகின்றன. அங்கே பழசு என்பது அந்தஸ்து. அதே பழசு நம் வீட்டில் இருந்தால் 'வசதி இல்லை' என்று பொருள். இந்த இரட்டை அளவுகோல் உண்மைதான்.

ஆனால் நண்பா, பிறர் கழித்ததை வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்வது வேறு. தேர்ந்தெடுத்து, விலை கொடுத்து, கையால் சீர்செய்து நமதாக்கிக்கொள்வது வேறு. முதலாவதில் தலை குனிவு இருக்கலாம். இரண்டாவதில் என்ன குனிவு? அப்பாவுக்குப் புதுச் சட்டை கட்டாயம் வாங்கிக் கொடு. ஆனால் கடன் வாங்கி, நாலு வருஷத்தில் உப்பிப் போகும் பீரோவை வாங்கித் தராதே. அந்தத் தவணைப் பணத்தில் அவருக்குப் பத்துச் சட்டை வாங்கலாம்.

காரைக்குடி விஷயத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. நன்றாக நிற்கிற வீட்டை, தூணுக்கும் கதவுக்கும் கிடைக்கும் விலைக்காகப் பிரித்துப் போடுவது சிக்கனமா? ஒரு ஊரின் அடையாளத்தைப் பிடுங்கி இன்னொரு ஊரின் வரவேற்பறையில் வைக்கிறோம். இடிந்த வீட்டின் கதவை எடுப்பது காப்பாற்றுவது. கதவுக்காக வீட்டை இடிப்பது சூறையாடுவது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோயில் சிலை மாதிரி எதையாவது யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்!

இன்னொன்று. சிக்கனம் நம் பையில் இருக்கட்டும், தார்ப்பாயில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் வயிற்றில் வேண்டாம். பேரம் பேசலாம். ஆனால் குளிர்சாதனக் கடையில் சொன்ன விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, சந்தையில் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது ஆண்மையும் அல்ல, அறிவும் அல்ல.

பெரியவர்கள் காட்டிய வழி

நம் துறைப் பெரியவர்களே இதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவையும் ஜன்னலையும் தம் புதிய கட்டடங்களில் பொருத்தினார். காலி பாட்டிலைச் சுவரில் பதித்து வண்ண வெளிச்சம் கொண்டுவந்தார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டுவதால் சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007-இல் மறைந்தார்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒரு சாதாரண சாலை ஆய்வாளர் இருந்தார். நகரம் கட்டும்போது இடித்துப் போட்ட குப்பையிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், டைல்ஸ் எல்லாம் பொறுக்கி, வேலை நேரம் போக மற்ற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு சிற்பத் தோட்டமே அமைத்தார். 1976-இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று ராக் கார்டன் என்றால் உலகத்துக்கே தெரியும். அவர் எம்.டெக் படித்தவர் அல்ல. ஓவர்சியர் வேலைக்குப் போகப்போகிற நமக்கு இதைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்?

நம் கல்லூரியில் என்ன செய்யலாம்?

முதலாண்டு ஒர்க் ஷாப் நினைவிருக்கிறதா? கார்பென்டரி ஷாப்பில் வியர்வை சிந்தி டி-ஜாயின்ட் அறுத்தோம், டவ்டெயில் செதுக்கினோம். மார்க் போட்டதும் அது எங்கே போனது? மூலையில் குவிந்தது, பிறகு அடுப்புக்குப் போனது. அதே நேரத்தில் நம் பின்கட்டில் கால் உடைந்த பெஞ்சும் டெஸ்க்கும் மழையில் நனைகின்றன. ஏலத்தில் எடைக்கு எடை விறகு விலைக்குப் போகின்றன. டவ்டெயில் செதுக்கத் தெரிந்த 60 பேர் இருக்கிற கல்லூரியில் ஒரு பெஞ்ச் காலை மாற்ற ஆளில்லையா?

மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கைகள் இரண்டு.

ஒன்று: உடைந்த பெஞ்ச், டெஸ்க் சீரமைப்பையே ஒர்க் ஷாப் பயிற்சியின் ஒரு பகுதியாக வைக்கும்படி நிர்வாகத்திடம் சங்கம் கேட்க வேண்டும். பயிற்சி மரமும் மிச்சம், பெஞ்சும் மிச்சம்.

இரண்டு: ஆண்டு இறுதியில் ஒரு 'கைமாற்று நாள்'. இறுதியாண்டு மாணவர்கள் ஊருக்குப் போகும்போது டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், மேஜை விளக்கு, வாளி, கயிற்றுக் கட்டில் எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி அனாமத்தாகப் போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த மாதமே முதலாண்டுத் தம்பியின் அப்பா அதையெல்லாம் கடன் வாங்கிப் புதுசாக வாங்குகிறார். நடுவில் ஒரு மேஜை போட்டு இரண்டு பேரையும் சந்திக்க வைத்தால் போதும். காசு உள்ளவன் காசு கொடுக்கட்டும், இல்லாதவன் சும்மா எடுத்துப் போகட்டும். யார் எது கொடுத்தான், யார் எடுத்தான் என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டாம். வெட்கம் இல்லாமல் எடுக்க முடிந்தால்தான் அது உதவி.

கடைசியாகப் போகிப் பண்டிகை. பழையதைக் கழிக்கிற நாள் என்று பாய், நாற்காலி, டயர் எல்லாம் போட்டுக் கொளுத்துகிறோம். புகை விடியற்காலைப் பனியோடு சேர்ந்து ஊரையே மூடுகிறது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷா வருஷம் சொல்கிறது. அடுத்த போகிக்கு ஒரு வேலை செய்யுங்கள். தெருவில் எரியப் போகிற நாற்காலியை ஒருமுறை தட்டிப் பாருங்கள். கணீரென்று பேசினால் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கழிக்க வேண்டியது பழைய நாற்காலியை அல்ல நண்பர்களே, பழசு என்றால் இளக்காரம் என்கிற பழைய புத்தியைத்தான்! கையில் சாண்ட் பேப்பரை எடுப்போம். தவணைக் கார்டைக் கீழே வைப்போம். வாழ்க நம் கைத்திறன்!